ஒரே நாளில் கிடைத்த ஜாமீன்: பிரபலங்கள் மீதான வழக்குகள் குறித்து எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

ஒரு நடிகர் கைதானால் எங்கள் மன்றத்தின் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. ஜாமீன் கொடுத்தது சரியா, பணம் விளையாடியதா, நம்மைப் போன்றவன் என்றால் விட்டிருப்பார்களா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் நிருபர்கள் உண்டு, ரசிகர்கள் உண்டு, எங்கள் வீட்டாரும் உண்டு. வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய சட்ட உதவி மன்றம் எங்களுடையது. ஒரு கைதுக்கு ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த கைதில் அதற்கு நேர்மாறாகப் பேசி மாட்டிக்கொள்வதைவிட, உட்கார்ந்து பேசி ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கடைசிக் கூட்டம்வரை எங்களுக்குள் ஒத்துவராத ஓர் இடம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் கீழே சொல்லியிருக்கிறோம்.

புகழ்பெற்றவர் என்பதற்காகச் சட்டம் ஒருவருக்குத் தரும் பாதுகாப்பில் ஓர் இம்மியும் குறைக்கச் சொல்ல மாட்டோம். அவருக்கு ஒரே நாளில் கிடைத்தது, பெயர் தெரியாதவருக்கு ஏன் ஆறு மாதமாகியும் கிடைக்கவில்லை என்று கேட்போம். எந்தப் பிரபலத்தின் வழக்கானாலும் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு, அதாவது செத்தவருக்கும் காயம்பட்டவருக்கும் சாட்சி சொன்னவருக்கும், என்ன ஆயிற்று என்பதையே முதலில் பார்ப்போம். இதுதான் எங்கள் நிலைப்பாடு. இதற்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்ல ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்கிறோம்.

2002 செப்டம்பர் 28 அதிகாலை. மும்பை பாந்த்ராவின் ஹில் ரோட்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேக்கரிக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது ஒரு டொயோட்டா லேண்ட் குரூசர் ஏறியது. ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயமடைந்தார்கள். காரில் இந்தி நடிகர் சல்மான் கான் இருந்தார். ஓட்டியது யார் என்பதுதான் வழக்கு. 2015 மே 6 அன்று மும்பை செஷன்ஸ் நீதிமன்றம், ஓட்டியது அவரே என்று 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்று மாலைக்குள் உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது: அவர் ஓட்டினார் என்பதும், குடித்திருந்தார் என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

விடுதலை சரியா தவறா என்ற பட்டிமன்றத்தை இங்கே நடத்தப்போவதில்லை. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நாங்கள் பார்க்கச் சொல்வது ஒரு சாட்சியை.

நடிகரின் பாதுகாப்புக்காக மும்பை காவல்துறை அனுப்பியிருந்த காவலர் அவர். விபத்தின்போது காரில் இருந்தவர். புகார் கொடுத்தவரும் அவரே. முதல் தகவல் அறிக்கையில் குடி பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து மாஜிஸ்திரேட் முன்பு சொன்னார். அந்த முரண்தான் பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் அவர் வாக்குமூலத்தின் பலத்தைக் குறைத்தது. இடையில் வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று சாட்சிக்கே பிடிவாரண்ட் பிறந்தது. சிறைக்கும் போய் வந்தார். வேலை போயிற்று. 2007இல் காசநோயால் இறந்துபோனார். செஷன்ஸ் விசாரணை புதிதாகத் தொடங்கியபோது கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல அவர் இல்லை. காரை ஓட்டியது நான்தான் என்று குடும்பத்தின் ஓட்டுநர் 2015இல், விபத்து நடந்து 12 ஆண்டு கடந்த பிறகு, நடிகர் தரப்புச் சாட்சியாக வந்து சொன்னார்.

யாரும் சதி செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு எங்களிடம் ஆதாரமும் இல்லை. சதியே தேவைப்படவில்லை என்பதுதான் எங்கள் கவலை. வழக்கு நீண்டாலே போதும். நீளும் வழக்கில் ஒரு தரப்புக்கு மூத்த வழக்கறிஞர் மாறாமல் வருவார். சம்பளத்தை நம்பியிருக்கும் காவலரோ, கூலியை நம்பியிருக்கும் பேக்கரித் தொழிலாளியோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதையாவது இழந்துவிட்டுத்தான் வருவார். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சொன்னது: "சாட்சி பிறழ்வதற்குப் பாதி காரணம் மிரட்டல் இல்லை சார், பஸ் சார்ஜ்."

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று, சட்டம் வரும்வரை அதுவே சட்டம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சங்ஹிதாவின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படியொரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. செல்வாக்கு உள்ளவர் மீதான வழக்கு எதுவானாலும் முதல் வாரத்திலேயே இந்தத் திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. காவலுக்கு ஆளைப் போடுவதோடு அது நின்றுவிடக் கூடாது. சாட்சியின் வேலைக்கும் படிக்கும் உத்தரவாதம் வேண்டும். அவருடைய வாக்குமூலத்தையும் குறுக்கு விசாரணையையும் மற்ற சாட்சிகளுக்கு முன்பாக முடித்துவிட வேண்டும்.

இனி அந்த மாலை ஜாமீன். அன்று நாடே கொதித்தது. சாலையில் படுத்தவன் மேல்தான் தப்பு என்கிற தொனியில் ஒரு பின்னணிப் பாடகர் ட்விட்டரில் எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டார். நடிகரின் வீடான கேலக்ஸி அபார்ட்மென்ட்ஸ் வாசலில் ரசிகர் கூட்டம் கொண்டாடியது. பேக்கரியும் அதே பாந்த்ராவில்தான் இருந்தது. ஆனால் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஜாமீனுக்குச் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: தீர்ப்பின் முழு நகல் கைக்கு வரவில்லை. சட்டப்படி அது பெரிய காரணம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்லியிருந்தது. நகல் இல்லாமல் ஒருவரை உள்ளே அனுப்பக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நினைத்ததில் எங்களுக்கு மறுப்பில்லை. நகல் வராத மற்றவர்களுக்காக அன்று மாலையே யார் உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள்?

2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவர்கள். அவர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. ஜாமீன்தாரர் இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க வெளியில் ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். கைதி கேட்க வேண்டியதில்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. இப்படியொரு பிரிவு இருப்பது நாங்கள் சந்திக்கும் கைதிகளின் குடும்பங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பிரபலம் என்றால் சட்டம் வளைந்துதான் கொடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு 2021 அக்டோபரை நினைவூட்டுகிறோம். ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் சொகுசுக் கப்பல் சோதனையைத் தொடர்ந்து கைதானார். அவரிடமிருந்து போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. மூன்று வாரத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் 30ஆம் தேதிதான் வெளியே வந்தார். ஆர்தர் ரோடு சிறையின் வாசலில் ஜாமீன் உத்தரவுகளைப் போடும் பெட்டி ஒன்று உண்டு. அதைத் திறக்கும் நேரத்துக்குள் காகிதம் வந்து சேரவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி அன்று நாடு முழுக்கப் பேசினார்கள். அது காலங்காலமாக அங்கேயேதான் இருந்தது. எத்தனையோ பேர் ஓர் இரவைக் கூடுதலாக உள்ளே கழித்திருக்கிறார்கள். பெட்டியைக் காட்டிக்கொடுக்க ஒரு நட்சத்திரத்தின் மகன் தேவைப்பட்டார். 2022 மே மாதக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை.

நம் ஊரில் இதைவிடக் கசப்பான கதை இருக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 8 அன்று 'இந்துநேசன்' என்ற மஞ்சள் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியும், எழுதாமலிருக்கக் காசு வாங்கியும் பிழைத்தவர் என்று பெயர் எடுத்தவர். 'ஹரிதாஸ்' படத்தில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டையும் உயர் நீதிமன்றம் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. ஏறத்தாழ முப்பது மாதங்கள் போய்விட்டன. கலைவாணர் கிருஷ்ணன் மறுபடி எழுந்து 'நல்லதம்பி', 'மணமகள்' என்று கொடுத்தார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இந்தக் கதையை எல்லோரும் பாகவதரின் வீழ்ச்சி என்று சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. பிரிவி கவுன்சில்வரை போகப் பணம் இருந்ததால்தான் அவர்கள் மீண்டார்கள். அவர்களோடு அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட மற்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்தது, செத்தவர். எவ்வளவு மோசமான மனிதராக இருக்கட்டும், கொலை செய்யப்பட்டவர் அவர். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை எண்பது ஆண்டாக நாம் கேட்கக்கூட இல்லை. பாகவதர் குற்றவாளியா இல்லையா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். ஹில் ரோட்டில் இறந்தவரின் பெயரையும் அப்படியே மறந்தோம். நாங்களும் இங்கே அதை எழுதவில்லை. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை.

ஊடகங்களுக்கு நீளமாக எதுவும் சொல்வதற்கில்லை. 2020இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபின் நடிகை ரியா சக்ரவர்த்தியைத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் தண்டித்தன. அந்த மரணம் தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை சிபிஐ 2025 மார்ச்சில் தாக்கல் செய்தது. ஸ்டுடியோவில் விதித்த தண்டனைக்கு எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது? புலனாய்வு நடக்கும்போது ஊடகங்கள் விசாரணை நடத்துவதைக் கண்டித்து 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் எழுதிய தீர்ப்பை ஒவ்வொரு செய்தி ஆசிரியரும் ஒருமுறை படித்தால் போதும்.

எங்களுக்குள் ஒத்துவராத இடத்துக்கு வருகிறோம். கன்னட நடிகர் தர்ஷன் கொலை வழக்கொன்றில் 2024 ஜூனில் கைதானார். ஆகஸ்டில், பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறையின் புல்வெளியில் நாற்காலி போட்டு, கையில் சிகரெட்டும் கோப்பையுமாக அவர் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. சிறை அலுவலர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ரத்து செய்தது. சிறையில் ராஜ உபசாரம் நடந்தால் முதலில் இடைநீக்கம் ஆகப்போவது கண்காணிப்பாளர்தான் என்றும் அமர்வு எச்சரித்தது. அந்தப் புல்வெளி நாற்காலியை எங்களில் ஒருவரும் ஆதரிக்கவில்லை. ஜாமீன் ரத்துதான் எங்களைப் பிரித்தது. சாட்சியைக் கலைக்கும் செல்வாக்கு இருந்தால் அதை ஜாமீனில் கணக்கெடுத்தே ஆக வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். பேக்கரி வழக்கின் காவலரைக் காட்டினார்கள். செல்வாக்கு இருப்பதும் அதைப் பயன்படுத்தியதும் வேறு வேறு, இன்று நடிகருக்குச் சொல்லும் காரணத்தை நாளை ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கும் சொல்வார்கள் என்றார்கள் மற்றவர்கள். வாக்கெடுக்கவில்லை. செல்வாக்கைப் பயன்படுத்தியதற்கான ஆதாரத்தை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைக்க வேண்டும், புகழ் மட்டுமே காரணமாகக் கூடாது என்ற அளவில் இருசாராரும் கையெழுத்திட்டோம். தர்ஷன் குற்றவாளியா என்பதை விசாரணை நீதிமன்றம் சொல்லும். அதுவரை நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

ரசிகர் மன்றத் தம்பிகளுக்கு: உங்கள் நடிகருக்காக நீங்கள் கோயிலுக்குப் போகலாம், கண்ணீர் விடலாம், யாரும் தடுக்கவில்லை. நீதிமன்ற வாசலில் கூடிச் சாட்சியைப் பார்த்துக் கூச்சல் போட்டால் அது குற்றம். எதிர்ப்பக்கக் குடும்பத்தின் படத்தையும் முகவரியையும் வாட்ஸ்ஆப்பில் பரப்பினால், அந்தக் குடும்பத்துக்காக நீதிமன்றத்தில் நிற்க எங்கள் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்க மாட்டார்கள்.

தொலைக்காட்சி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த நடிகர் கைதானதும் கருத்துக் கேட்டு நீங்கள் அழைப்பீர்கள். வருகிறோம். நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் எங்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிளைச் சிறையில் இருக்கும் ஒருவருடைய வழக்கை, அவர் சம்மதத்தோடு, பேசுவோம். யாருடைய வழக்கு என்பதை அன்று காலை சொல்லி அனுப்புகிறோம்.