ஒப்பாரிக் கோச்சியும் உல்லாசப் பயணமும்

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. பழைய 'போட் மெயில்' பாதையையும் மீட்டால் உல்லாசப் பயணிகள் குவிவார்கள் என்கிறார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், கொழும்புக்கு மறுபடி ரயில்: 1914இல் தொடங்கிய வழி அது. துரைமாருக்குச் சொகுசுப் பயணம். நம் பாட்டன் பூட்டிமாரோ மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிறகே கப்பலேறினார்கள்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அதே ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நம்மவரைத் திருப்பி அனுப்பியதும் அந்தக் கடல்வழியாகத்தான். தாய் இங்கே, பிள்ளை அங்கே. மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

உல்லாசப் பயணிகள் வரட்டும். தலைமன்னார்த் துறையில் இந்தக் கதையும் எழுதிவைக்கப்பட வேண்டும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் சொந்தங்களைப் பார்க்க, கொழுந்து பறிப்பவரின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் கட்டணமும் வேண்டும். காங்கேசன்துறைக் கப்பலிலேயே அதைத் தொடங்கலாம்.