நிறைகுடமும் எக்ஸாஸ்ட் பைப்பும்

1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஒரு கார் துரத்தல் வரும். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீனின் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கும் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் சுமார் பத்து நிமிடம் பறக்கும். வேகம் பிடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும். அதற்கப்புறம் டயர் கத்துவதும் இரண்டு வி8 இன்ஜின்கள் உறுமுவதும்தான் இசை. பழைய அமெரிக்க மஸில் கார் வாங்குகிற பலருக்கும் காதுக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்த மாதிரிச் சத்தம்தான். அதனால் கார் வீட்டுக்கு வந்ததும் முதலில் கை வைப்பது எக்ஸாஸ்டில்.

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எக்ஸாஸ்ட் தேர்வில் சத்தம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இந்தக் கார் எங்கே, எப்படி ஓடப்போகிறது? செய்த மாற்றம் பிடிக்காவிட்டால் பழையபடி திருப்ப முடியுமா?

மஸில் கார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நடுத்தர அளவு காரில் பெரிய காருக்கான இன்ஜினைத் தூக்கி வைப்பது. 1964-ல் பான்டியாக் ஜிடிஓ இப்படித்தான் வந்தது. 389 கன அங்குல வி8, அதாவது சுமார் 6.4 லிட்டர். அந்த வகையின் ஆரம்பம் என்று பெரும்பாலோர் சொல்வது இந்தக் காரைத்தான்.

இந்தக் கார்களின் உறுமல் சைலன்சரில் பிறப்பதில்லை. செவ்ரோலே வி8-ல் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறு பக்கம். உற்றுப் பார்த்தால் 8-ம் 4-ம் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் வெடிக்கின்றன. 5-ம் 7-ம் அப்படியே மறு பக்கத்தில். ஆக, ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் புகை சீரான தாளத்தில் வருவதில்லை. ஒரு இடத்தில் இரண்டு அடி ஒட்டி விழும், இன்னொரு இடத்தில் இடைவெளி நீளும். அந்தக் கோணல் தாளம்தான் உறுமல். அது கிராங்க் ஷாஃப்டோடு கூடவே பிறந்தது. அமைதியான சைலன்சர் போட்டாலும் போகாது, அளவு குறையும், அவ்வளவுதான். இருக்கிறதை வாங்கக் காசு செலவழிப்பானேன்?

"சத்தம் கூடினால் சக்தியும் கூடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1971 வரை அமெரிக்க விளம்பரங்களில் வந்த குதிரைத்திறன் 'கிராஸ்' கணக்கு. இன்ஜினை மேடையில் வைத்து, காரின் சொந்த எக்ஸாஸ்ட் இல்லாமல் அளந்தது. 1972-லிருந்து 'நெட்' கணக்கு. சைலன்சர், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் எல்லாம் மாட்டி அளந்தது. செவெல்லின் 454 கன அங்குல இன்ஜின் 1971-ல் 365 குதிரைத்திறன். 1972-ல் கிட்டத்தட்ட அதே இன்ஜின் 270. இந்த 95-ஐயும் சைலன்சரே தின்றுவிடவில்லை. ஆனால் அதன் பங்கும் இருந்தது. எனவே கம்பெனி எக்ஸாஸ்ட் கொஞ்சம் மூச்சை அடைத்தது நிஜம், மாற்றினால் பலன் கிடைப்பதும் நிஜம்.

பொய்யான பாதி, "எவ்வளவு பெரிய குழாயோ அவ்வளவு நல்லது" என்பது. இரண்டரை அங்குலக் குழாயிலிருந்து மூன்று அங்குலத்துக்குப் போனால் அரை அங்குலம்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பைக் கணக்குப் போட்டால் 44 சதவீதம் கூடுதல். தெருவில் ஓடுகிற 300, 350 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பக்கத்துக்கு ஒரு இரண்டரை அங்குலக் குழாயே தாராளம். அதற்கு மேல் போனால் கிடைப்பது சத்தமும், ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு இடிப்பதும். குழாயின் அளவைவிட வளைவு முக்கியம். மலிவான வளைவில் குழாய் நசுங்கி உள்வாய் குறுகிவிடும். மேண்ட்ரல் முறையில் உள்ளே தாங்கு கொடுத்து வளைப்பதால் கடைசி வரை ஒரே அளவு. நசுங்கிய மூன்று அங்குலத்துக்கு நசுங்காத இரண்டரை எவ்வளவோ மேல். இரண்டு பக்கத்தையும் நடுவில் இணைக்கிற எச் பைப்போ எக்ஸ் பைப்போ அவசியம். மேலே சொன்ன கோணல் தாளத்தை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ள அதுதான் வழி.

அடுத்தது நெடுஞ்சாலை. வி8 இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் போனால் நொடிக்குச் சுமார் 133 அடி. இந்த அளவு தாழ்ந்த ஒலி காருக்குள் புகுந்தால் 'ம்ம்ம்ம்' என்று மண்டைக்குள் நிற்கும். கடையில் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்துக் கேட்கும்போது இது தெரியாது. மூன்று மணி நேரப் பயணத்தில் தெரியும். அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான். ஆசைப்பட்டு வாங்கின காரில் தலைவலியோடு இறங்கினால், அடுத்த ஞாயிறு அது ஷெட்டிலேயே நிற்கும்.

இனி காமர்ஸ் கண்ணாடி. இன்ஜினிலிருந்து புகையை வாங்குகிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் மாட்டுவது அடுத்த ஆசை. ஹெடருக்கு உயர் சுற்றில் பலன் உண்டு. கூடவே கேஸ்கட் கசிவு, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சூடு, ஸ்பார்க் பிளக் மாற்றக் கையை நுழைக்க முடியாத தொல்லை. கசிவு வெறும் எரிச்சல் அல்ல. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும் வழி அது. சரி, ரேஸ் ஓட்டுகிறவர் மாட்டட்டும். ஆனால் கழற்றிய மேனிஃபோல்டைப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் மன்னிக்க முடியாதது. அதில் வார்ப்பு எண்ணும் தேதிக் குறியும் இருக்கும். கார் அசல்தானா என்று பார்க்கிறவர் அதைத்தான் தடவிப் பார்ப்பார். சைலன்சர் இன்னொன்று கிடைக்கும். 1969-ல் அந்தக் காரோடு வந்த மேனிஃபோல்டு இன்னொன்று வராது. போல்ட் போட்டு மாட்டியதைப் போல்ட் கழற்றித் திருப்பலாம். கட்டரால் வெட்டியதைத் திருப்ப முடியாது. செலவில் இரண்டு வகை உண்டு. பணம் மட்டும் போவது ஒன்று, திரும்பும் பாதையும் சேர்ந்து போவது இன்னொன்று. பட்ஜெட் போடும்போது பலரும் இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிடுகிறார்கள்.

உலோகத்திலும் இதே கணக்கு. அலுமினியப் பூச்சு எஃகு மலிவு. 409 ஸ்டெயின்லெஸ் நடுத்தரம், மேலாகத் துரு படரும். 304 என்பது நல்ல எவர்சில்வர் பாத்திரம் செய்கிற அதே ரகம், விலை அதிகம். எது தேவை என்பதை ஓட்டும் பழக்கம் சொல்லும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். குழாய் நன்றாகச் சூடானால் அது வெளியேறும். ஷெட்டில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ரசித்துவிட்டு அணைத்தால் உள்ளேயே தங்கும். அப்படி ரசிக்கிறவருக்கு 304-தான் வேண்டும். வாரம் ஒரு முறை நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு மலிவானதே பல வருடம் வரும். (ஓட்டாதவனுக்குத்தான் செலவு அதிகம்! :-))

"சந்தோஷத்துக்கு வாங்குகிற காரில் கணக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்காமலே பங்கு வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்தார். கைக்குழந்தை தூங்குகிற வீடும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் படுத்திருக்கிற வீடும் அதே தெருவில்தான். கலிஃபோர்னியாவில் காரின் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு 95 டெசிபல் வரம்பு இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 2021-ல் சட்டம் போட்டு அதிகபட்ச அபராதத்தை 1000 டாலராக்கியது. சத்தத்தை ரசிக்கிறவர்களே அடங்கியிருந்தால் இந்தச் சட்டங்களுக்கு வேலை இருந்திருக்காது.

இந்தச் சண்டையைப் பான்டியாக்கே ஒருமுறை தீர்க்கப் பார்த்தது. 1970 ஜிடிஓவில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ். இழுத்தால் சைலன்சருக்குள் அடைப்பு திறந்து உறுமும், தள்ளினால் அடங்கும். சூப்பர் பௌல் நேரத்தில் டிவி விளம்பரம்கூட வந்தது. கொஞ்ச நாளிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் அந்த வசதியை நிறுத்திவிட்டது. யோசனை என்னவோ சரியானதுதான். சத்தம் வேண்டும்போது மட்டும், வேண்டிய இடத்தில் மட்டும். இன்று மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள் அதே வேலைக்குக் கிடைக்கின்றன. மைதானத்தில் திறக்கலாம், தெருவில் மூடலாம்.

ஆகவே வரிசை இதுதான். அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் பத்திரமாக வைப்பது முதல் வேலை. பிறகு இன்ஜினுக்கு ஏற்ற குழாய் அளவு, நசுங்காத வளைவு, நடுவில் இணைப்பு. பிறகு ஓட்டும் பழக்கத்துக்கு ஏற்ற உலோகம். சைலன்சரைக் கடைசியில் தேர்ந்தெடுக்கலாம், அதுவும் அதே மாதிரிக் காரில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போய்ப் பார்த்த பிறகு.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். ஏழு லிட்டர் இன்ஜினைவிட நிறைந்த குடம் எங்கே இருக்கிறது? அது மெதுவாக உறுமினாலே போதும், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்.