இயந்திரத்துக்குப் பிடிபடாத பின்னல்



பொங்கல் நெருங்கிவிட்டது. மாவிலைக்கு மரம் தேட வேண்டிய அடுக்ககங்களில் இப்போது பல வாசல்களைப் பச்சை உல்லன் நூலில் பின்னிய தோரணங்கள் அலங்கரிக்கின்றன. பண்டிகை முடிந்ததும் அலசிக் காயவைத்து எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டும் அதே பச்சையோடு வாசலுக்கு வந்துவிடும். கொக்கி ஊசியால் பின்னும் இந்தக் குரோஷா தோரணத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தி. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு, பூவேலைக்கும் உண்டு. குரோஷா பின்னலைக் கையால் போடுவது போலவே போட்டுத் தரும் இயந்திரம் மட்டும் தொழிற்சாலைகளில் கிடையாது. அதன் சாயலில் வரும் துணிகள் வேறு வகை இயந்திரப் பின்னல்கள். கொக்கி ஊசி ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் நுழைந்து, நூலை இழுத்து, அடுத்த கண்ணை உருவாக்க வேண்டும். எந்தக் கண்ணில் நுழைவது, எவ்வளவு இறுக்குவது என்பதை விரல்தான் முடிவு செய்கிறது. ஆகவே கடையில் நீங்கள் காணும் உண்மையான குரோஷா தொங்கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, தையல் தையலாகப் போட்டது.

தோரணத்தில் பின்னிய ஒரு மாவிலையை உற்றுப் பாருங்கள். காம்போரத்தில் குட்டைத் தையல், நடுவில் நெட்டைத் தையல், நுனியில் மறுபடி குட்டை. நுனியைச் சுற்றி வந்து மறுபக்கமும் அதே வரிசை. தையலின் உயரத்தை மாற்றி மாற்றியே இலையின் வயிறு அகலமாகவும் நுனி கூராகவும் வந்துவிடுகிறது.

ஊசியே பிடித்திராதவர்கள் இலைக்கு முன் சுருள் தொங்கலில் தொடங்கலாம். 4 மி.மீ. ஊசியும் நடுத்தரத் தடிமன் உள்ள நூலும் போதும். 43 சங்கிலித் தையல் போடுங்கள். ஊசியிலிருந்து நான்காவது கண்ணில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணிலும் ‘டபுள் குரோஷே’ எனப்படும் நெட்டைத் தையலை மும்மூன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். பத்துக் கண் தாண்டுவதற்குள் பின்னல் தானாக வளையத் தொடங்கும். கலங்க வேண்டாம், அதுதான் வேண்டும். அடியில் இருப்பது 40 கண், மேல் ஓரத்தில் சேர்வதோ 120 தையல். அத்தனைக்கும் நேராக நிற்க இடமில்லை. அதனால் தச்சர் இழைக்கும்போது விழும் மரச்சுருளைப் போலப் பின்னல் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. தோரணத்தின் இரு முனைகளிலும் குஞ்சம் போலத் தொங்கவிடலாம். தோட்டத்துக் கிளையில் கட்டுவதானால் அக்ரிலிக் நூல் எடுங்கள். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும்.

இந்தச் சுருளுக்குக் கணித உலகிலும் இடம் உண்டு. லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வடிவியல் கற்பித்தவர். எல்லாத் திசையிலும் நெளிந்து விரியும் ஹைபர்போலிக் தளத்தைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டினால் சீக்கிரம் கிழிந்துவிடும். 1997-இல் அவர் குரோஷா ஊசியை எடுத்து, சீரான இடைவெளியில் தையலைக் கூட்டிக்கொண்டே போய், கையில் எடுத்து மடித்துப் பார்க்கும்படி அதைப் பின்னிக் காட்டினார்.

திறமைக்குக் குறைவில்லாத இந்தக் கலையில் கூலிதான் குறைவு. ஆந்திர மாநிலம் நரசாப்பூரில் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் வழியாக வந்த லேஸ் பின்னல், கோதாவரிப் படுகையின் கிராமத்துத் திண்ணைகள் வரை பரவியது. வெளிநாட்டு மேசைகளின் மேல் விரிக்கப்படும் லேஸ் விரிப்புகள் அங்கே பின்னப்பட்டன. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982-இல் வெளிவந்தது. நாள் முழுக்க உழைத்தவர்களை, வீட்டில் ஓய்வு நேரத்தில் பின்னுபவர்கள் என்றே கணக்கில் வைத்ததால் கூலி அடிமட்டத்தில் நின்றது என்று அதில் அவர் விளக்கினார். நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குக் கிடைத்த பெருமை பின்னுகிறவரின் கைக்கும் பணமாக வந்து சேர வேண்டும்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகள் சேர்ந்துதான் அத்தனை பெரிதாயின. ‘பொழுதுபோக்கு’ என்று எளிதில் ஒதுக்கிவிடும் வேலையின் அளவு அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முடிந்தவர்கள் இந்தப் பொங்கலுக்கு ஒரு சுருளாவது பின்னிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். நேரம் இல்லாதவர்கள் உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ பின்னித் தரும் பெண்ணிடம் வாங்குங்கள். அவர் சொல்லும் விலையில் நூலுக்கான காசு கொஞ்சம், மணிக்கணக்கான உழைப்பே மிச்சம் எல்லாம். அங்கே பேரம் வேண்டாம்.

உங்கள் வாசலிலும் தோட்டத்திலும் ஆடும் தொங்கல்களைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பின்னியவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். படத்துக்குக் கீழே அந்தப் பெயரைத்தான் முதலில் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்