தத்துவம் பழகு: 40,000 பக்கங்களோடு ரயிலேறிய பாதிரியார்!

1938, ஆகஸ்ட் 15. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபர்க் நகரத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இறங்கினார். பெயர், ஹெர்மன் லியோ வான் பிரேடா. வயது 27. பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார். லூவேன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். தன் ஆய்வுக்குத் தேவையான சில கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்க வேண்டும். முடிந்தால் அவற்றில் சிலவற்றைப் பதிப்பிக்க அனுமதி வாங்க வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

அந்தப் பிரதிகளை எழுதிய எட்மண்ட் ஹுசர்ல், அந்த ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதியே இறந்துவிட்டார். வீட்டில் இருந்தவர் மனைவி மால்வினே. அவருடைய பொறுப்பில், கட்டுக்கட்டாகக் காகிதங்கள். சுமார் 40,000 பக்கங்கள். ஏறக்குறைய எல்லாமே சுருக்கெழுத்து!

டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கிளாஸ் போன தலைமுறைக்கு இதன் சிக்கல் உடனே புரியும். ஒருவர் எழுதிய சுருக்கெழுத்தை இன்னொருவர் படிப்பதே கஷ்டம். ஹுசர்ல் எழுதியது காபல்ஸ்பெர்கர் என்ற பழைய ஜெர்மன் முறை. போதாக்குறைக்குத் தானே கண்டுபிடித்த சுருக்கங்கள் வேறு. அதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அவருடைய முன்னாள் உதவியாளர்கள் சிலர் மட்டுமே.

யார் இந்த ஹுசர்ல்?

1859-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் கணிதம் படித்தார். பிறகு தத்துவத்துக்கு வந்தார். 27 வயதில் லூதரன் கிறிஸ்தவராக மாறினார். சிறுவயதில் பரிசாகக் கிடைத்த பேனாக்கத்தியைக் கூர்தீட்டிக் கூர்தீட்டி, கடைசியில் கத்தியே இல்லாமல் போனதாம். இந்தக் கதையை வயதான காலத்தில் அவரே சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். எழுதியதையே திரும்பத் திரும்பத் திருத்தி, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவருக்கு இந்தக் கதை உறுத்தியதில் ஆச்சர்யமில்லை.

அவர் ஆரம்பித்துவைத்த தத்துவ முறைக்கு நிகழ்வியல் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேஜை மேல் ஒரு காபி கோப்பை இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிவது அதன் ஒரு பக்கம்தான். ஆனாலும் ‘பாதிக் கோப்பை தெரிகிறது’ என்று நீங்கள் சொல்வதில்லை. முழுக் கோப்பையைத்தான் பார்க்கிறீர்கள். தெரியாத பக்கத்தை மனம் சேர்த்துக்கொள்கிறது. இது எப்படி நடக்கிறது? கோப்பை எதனால் ஆனது, மூளையில் என்ன நடக்கிறது என்ற கேள்விகளையெல்லாம் சற்றே ஓரமாக வைத்துவிட்டு, நம் அனுபவத்தில் ஒரு பொருள் எப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் பொறுமையாக விவரிக்க வேண்டும் என்றார் ஹுசர்ல்.

1930-களின் தொடக்கத்தில், பாரிஸ் மதுக்கடை ஒன்றில் ரேமோன் ஆரோன் என்ற நண்பர், மேஜையிலிருந்த காக்டெய்ல் கிளாஸைக் காட்டி, “இதைப் பற்றிப் பேசினாலே அது தத்துவம்தான்” என்கிற ரீதியில் விளக்க, சார்த்தருக்கு முகமே வெளுத்துவிட்டதாம். சிமோன் த பொவார் எழுதியிருக்கிறார். அடுத்ததாக சார்த்தர் நேராக பெர்லினுக்குப் போய் ஹுசர்லைப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

மாணவர் வந்தார், ஆசிரியர் போனார்!

ஹுசர்லின் இரண்டாவது மகன் வோல்ஃப்கேங், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போராடி 1916-ல் வெர்டன் போர்க்களத்தில் இறந்தான். 17 ஆண்டுகள் கழித்து அதே ஜெர்மனி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதப் பிறப்பைக் காரணம் காட்டி ஹுசர்லுக்குக் கட்டாய விடுப்புக் கடிதம் அனுப்பியது. அது 1933 ஏப்ரல்.

அதே ஏப்ரல் மாதத்தில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பான ரெக்டர் பதவியில் அமர்ந்தவர், மார்ட்டின் ஹைடெகர். ஹுசர்லின் உதவியாளராக இருந்தவர், ஹுசர்ல் ஓய்வுபெற்றபோது அவருடைய நாற்காலிக்கு வந்தவர், தன் ‘இருத்தலும் காலமும்’ நூலை 1927-ல் ஹுசர்லுக்கே சமர்ப்பித்தவர். ரெக்டரான சில நாள்களில் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். ஹுசர்லின் இறுதிச் சடங்குக்கு அவர் வரவில்லை. 1941-ல் வந்த பதிப்பில் அந்தச் சமர்ப்பணப் பக்கமும் இல்லை. உடல்நிலை சரியில்லை, பதிப்பாளர் வற்புறுத்தினார் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னாளில் ஒரு விளக்கம் வந்தது. மால்வினேக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியதாகவும் ஹைடெகர் சொன்னார். 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய தத்துவ அறிஞர்களில் ஒருவராக அவரை இன்றும் படிக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது.

ஹுசர்ல் நாட்டைவிட்டுப் போகவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். கடைசிக்காலப் படைப்பின் முதல் பகுதியை ஜெர்மனியில் வெளியிட வழியில்லாமல், 1936-ல் பெல்கிரேடிலிருந்து வந்த ஓர் இதழில் வெளியிட்டார். மீதி எல்லாம் சுருக்கெழுத்துத் தாள்களாகவே வீட்டில் இருந்தன.

எல்லை தாண்டாத பெட்டிகள்

காகிதக் குவியலைப் பார்த்த வான் பிரேடாவுக்குத் தன் ஆய்வு மறந்துபோனது. ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை மிரட்டிக்கொண்டிருந்த நேரம். எந்த நாளும் போர் வெடிக்கலாம். யூதர் எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக இந்தத் தாள்களை எவரும் பறிமுதல் செய்து கொளுத்தலாம். எல்லாவற்றையும் லூவேனுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மால்வினேயிடம் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவர், அதுவும் தனக்கென்று எந்தப் பதவியும் இல்லாத ஒரு மாணவர். கணவரின் வாழ்நாள் உழைப்பை அவரை நம்பிக் கொடுத்தார் மால்வினே.

முதலில் உதவிக்கு வந்தவர் அடெல்குண்டிஸ் யேகர்ஷ்மிட் என்ற கன்னியாஸ்திரி. ஹுசர்லின் பழைய மாணவி. கடைசி நாள்களில் அவருடைய படுக்கையருகே இருந்தவர். அவர் பெட்டிகளை சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருக்கும் கன்னியாஸ்திரிகள் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை தாண்டிவிடலாம் என்பது திட்டம். ஆனால், ஆபத்து அதிகம் என்று அது கைவிடப்பட்டது.

அடுத்த வழி, தூதரகம். தூதரக முத்திரையுள்ள சாமான்களை எல்லையில் யாரும் திறந்து பார்க்க முடியாது. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்த பெல்ஜியத் துணைத் தூதரகத்தைக் கேட்டால், அந்த வசதி பெர்லினில்தான் உண்டு என்றார்கள். செப்டம்பர் இறுதியில், கனமான பெட்டிகளோடு பெர்லினுக்கு ரயிலேறினார் பாதிரியார். நாஜிகளின் தலைநகருக்கே! நல்லவேளையாக வழியில் யாரும் திறந்து காட்டச் சொல்லவில்லை. பெல்ஜியத் தூதரகத்தின் பாதுகாப்பில் சில வாரங்கள் இருந்துவிட்டு, நவம்பரில் எல்லாம் லூவேன் வந்து சேர்ந்தன. அங்கே ஹுசர்ல் ஆவணக் காப்பகம் தொடங்க, பெல்ஜியத்தின் ஃபிராங்கி அறக்கட்டளை பணம் கொடுத்தது.

பெட்டிக்குள் இருந்த கை

சரி, அப்படி என்னதான் இருந்தது அந்தத் தாள்களில்?

ஒரு நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வலது கையால் இடது கையைத் தொட்டுப் பாருங்கள். மேஜையைத் தொடுவது போலவே இடது கையின் வெதுவெதுப்பும் மென்மையும் தெரியும். ஆனால், மேஜைக்கு நீங்கள் தொடுவது தெரியாது. இடது கைக்குத் தெரியும். தொடப்படும் பொருளும் அதுதான், தொடுகையை உணர்வதும் அதுதான். டெகார்ட் உடலையும் மனதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்த நாளிலிருந்து, இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று 300 ஆண்டுகளாகத் தத்துவ அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடல் வெறும் பொருள் இல்லை என்பதை ஹுசர்ல் இரண்டு கைகளை வைத்தே காட்டினார். ஆனால், அதை எழுதிய ‘எண்ணங்கள்’ நூலின் இரண்டாம் பாகத்தை அவர் தன் வாழ்நாளில் வெளியிடவே இல்லை.

1939 ஏப்ரலில், லூவேனுக்குத் தேடி வந்த முதல் வெளியாள்களில் ஒருவர் பாரிஸைச் சேர்ந்த மொரிஸ் மெர்லோ-பொன்டி. வயது 31. சில நாள்கள் உட்கார்ந்து இந்த இரண்டாம் பாகத்தைப் படித்தார். 1945-ல் அவர் வெளியிட்ட ‘புலனறிவின் நிகழ்வியல்’ உடலைப் பற்றிய தத்துவப் பேச்சையே மாற்றிப்போட்டது. தன்னைத் தானே தொடும் கை அதில் மறுபடி வருகிறது.

அந்த இரண்டாம் பாகத்தின் சுருக்கெழுத்தை முதலில் படித்து, ஒழுங்குபடுத்தி, நல்லபடியாக எழுதிக்கொடுத்தவர் ஒரு பெண். எடித் ஸ்டைன். 1916 முதல் 1918 வரை ஹுசர்லின் உதவியாளர். கால உணர்வு பற்றிய ஹுசர்லின் உரைகளையும் அவர்தான் தொகுத்தார். 1928-ல் அது அச்சாகி வந்தபோது பதிப்பாசிரியர் என்று இருந்தது ஹைடெகரின் பெயர்! பேராசிரியர் ஆவதற்கான வாசலும் எடித்துக்குத் திறக்கவில்லை, பெண் என்பதால். பின்னாளில் கார்மல் சபைக் கன்னியாஸ்திரியான அவர், பிறப்பால் யூதர் என்பதால் 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

லூவேனும் பாதுகாப்பான இடமாக நீடிக்கவில்லை. 1940 மே மாதம் ஜெர்மன் ராணுவம் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிந்து போனது. ஹுசர்லின் தாள்கள் அந்தத் தீயில் சிக்கவில்லை. ஆனால், ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இருந்த மால்வினேயின் சாமான்கள் அதே ஆண்டு குண்டுவீச்சில் அழிந்தன. ஹுசர்லுக்கு வந்த கடிதங்களும் அதில் போயின.

1939-ல் பெல்ஜியம் வந்த மால்வினேயை, போர்க்காலம் முழுவதும் லூவேன் அருகே ஹெரென்ட் என்ற ஊரின் கன்னியர் மடத்தில் மறைத்துவைத்துக் காப்பாற்றியவரும் வான் பிரேடாதான். அதே ஆண்டுகளில், யூதப் பின்னணி கொண்ட ஆஸ்திரியரான ஸ்டீஃபன் ஸ்ட்ராசர், வெளியே தலைகாட்ட முடியாத நிலையில் சுருக்கெழுத்தை வரிவரியாகப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

1946-ல் மால்வினே அமெரிக்காவிலிருந்த பிள்ளைகளிடம் போனார். பிறகு ஃப்ரைபர்குக்கே திரும்பி வந்து, 1950-ல் காலமானார். ஹுசர்லின் மொத்தப் படைப்புகளின் முதல் தொகுதி வெளியானதும் அதே ஆண்டில்தான். பதிப்பாசிரியர், ஸ்டீஃபன் ஸ்ட்ராசர். இதுவரை 40 தொகுதிகளுக்கு மேல் வந்துவிட்டன.