குதிரை மசாலும் தெருப் பசுவும்

விம்கோ நகர் என்றதும் பசும்புல் நினைவுக்கு வராது. தீப்பெட்டி நினைவுக்கு வந்தால் அதுதான் நியாயம். 1923-ல் ஸ்வீடன் தேசத்தார் மூலதனத்தில் ஏற்பட்ட வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துக்களே திருவொற்றியூரின் இந்தப் பகுதிக்குப் பெயராகி, பிறகு ரயில் நிலையத்துக்கும், 2021-ல் மெட்ரோ நிலையத்துக்கும் ஏறின. ஆனால் ரயிலை விட்டு இறங்கி நாலு தப்படி வைப்பதற்குள் ஒரு பசுவாவது எதிர்ப்படும். அது மேய்வது சுவரொட்டி. அசை போடுவது பாலிதீன் பை. கோமாதா என்று கும்பிடுகிற கையால் தான் குப்பைப் பையை அதன் முன் வீசிவிட்டு நாமும் நடக்கிறோம்.

இது வேடிக்கையாக மட்டும் இருந்தால் பாதகமில்லை. 2024 ஜூன் மாதத்தில் இதே திருவொற்றியூர்த் தெருவொன்றில் ஓர் எருமை ஒரு பெண்மணியை முட்டித் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிற்று. அதன் பிறகு மாநகராட்சி, தெருவில் பிடிபடும் மாட்டுக்கு முதல் தடவை 10,000 ரூபாயும், மறு தடவை 15,000 ரூபாயும் அபராதம் என்று உயர்த்தியது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது மாட்டையே விற்றுக் கட்ட வேண்டிய தொகை.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மாள் சென்ற வாரம் நம்மை மடக்கினாள். "ஏன் சாமி, கோயமுத்தூர்ப் பக்கம் மசால் புல்லுன்னு ஏதோ போடறாங்களாமே? அதை ஒரு காலி மனையிலே வெதைச்சு மாட்டை அவுத்து வுட்டா, ஏன் தெருவுக்கு வரப்போவுது?" என்று கேட்டாள். கேள்வியில் பாதி சரி, பாதி ஆபத்து.

அவள் சொன்னது குதிரை மசால். இங்கிலீஷ்காரர் லூசர்ன் என்றும், அமெரிக்கர் அல்பால்பா என்றும் சொல்லும் பயிர் இதுவே. அல்பால்பா என்ற சொல் அரபியிலிருந்து ஸ்பானிஷ் மொழிக்குப் போனது. அரபிக்கு அது வந்தது பழைய பாரசீகத்திலிருந்து. அங்கே அதன் பொருள் குதிரைத் தீனி என்பதாம்! பாரசீகனும் தமிழனும் கலந்து பேசாமலே ஒரே பெயரைச் சூட்டியிருப்பதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒரு முறை விதைத்தால் மூன்று நாலு வருஷம் நிற்கும். வேர் ஆள் உயரத்துக்கும் மேலாக மண்ணில் இறங்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியாவுக்கு அதிக வேலையில்லை. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம், நீர் வசதி இருந்தால், ஹெக்டேருக்கு வருஷத்தில் 70 முதல் 80 டன் பசுந்தீவனம் தரும். விதைத்து 75 அல்லது 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 25, 30 நாளுக்கு ஒன்று. விதை வாங்கும்போது மாத்திரம் விழிப்பு வேண்டும். அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதை அதில் கலந்து வந்துவிட்டால், மஞ்சள் நூலாகப் படர்ந்து வயலையே உறிஞ்சிவிடும்.

இனி ஆபத்துக்கு வருவோம். குதிரை மசாலில் பசித்த மாட்டை அவிழ்த்து விடலாகாது. அதன் இளந்தழையிலுள்ள புரதம் மாட்டின் முதல் இரைப்பையில் சோப்பு நுரைபோல் பொங்கும். வாயு அந்த நுரையில் சிறைப்பட்டு ஏப்பமாக வெளிவராது. இடது விலாப்புறம் மத்தளமாக உப்பி, மூச்சு முட்டி, சில மணி நேரத்திலேயே மாடு சாயலாம். வயிறு உப்பக் கண்டால் கால்நடை மருத்துவரை அழைக்க ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. வராமல் தடுப்பதோ சுலபம்: முதலில் வைக்கோல் போட்டு அரை வயிறு நிரப்பி, அறுத்துச் சற்று வாடவிட்ட மசாலைப் பிறகு கொடுக்க வேண்டும்.

அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மசாலிலேயே மேய்க்கிறார்களே என்று படித்தவர்கள் கேட்கக் கூடும். உண்மைதான். அங்கே பெருநிலத்தைத் துண்டு துண்டாக வேலியிட்டு, ஒரு துண்டில் சில நாள் மேய்த்தபின் அதற்கு ஐந்தாறு வாரம் ஓய்வு கொடுக்கிறார்கள். இடைவிடாமல் மேய்ந்தால் குளம்பு மிதித்துத் தூரே செத்துப்போம். நமக்கு மேய்ச்சல் நிலம் வேண்டுமென்றால் காங்கேயத்துக் கொறங்காட்டைப் பார்க்க வேண்டும்: கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் காளையை வளர்த்தது அந்த மானாவாரிப் புல்லே. மசால் அரிவாளுக்குப் பயிர். குளம்புக்குப் பயிர் அல்ல.

இதையெல்லாம் சொல்லி, அம்மாளுக்கு ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்தோம். ஹெக்டேருக்கு 70 டன் என்றால் சென்டுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். பத்து சென்ட் இருந்தால் தினம் ஏழெட்டுக் கிலோ. புல்லும் வைக்கோலும் சேர்த்துப் போட்டால் ஒரு கறவைப் பசுவுக்குத் தாராளம். பிண்ணாக்குச் செலவும் குறையும்.

"பத்து சென்ட்டா? நாங்க ஆறு பேர் இருக்கிற வூடே அரை சென்ட், சாமி!" என்றாள்.

நம் பேனா அங்கே நின்றுவிட்டது. இடம் கிடைத்தாலும் விம்கோ நகரில் மசால் விதைக்கச் சொல்ல நமக்குத் துணிவில்லை. கடற்கரை மணல் நீரை வடிக்கும் என்பது சரி. ஆனால் உவர்நீரை இப்பயிர் அதிகம் பொறுக்காது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம், ஆலைகளுக்கும் நகரத்துக்குமாக நீரை இறைத்து இறைத்து நிலத்தடிக்குக் கடலையே அழைத்து வந்தோம். எண்ணூரில் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரமெங்கும் பரவிய எண்ணெயும் வேறு. ஆலைக் கழிவு படிந்த மனையில் விளைந்த தீவனம் பாலாகி நம் குழந்தையின் டம்ளருக்கே வந்து சேரும்.

மேற்கே போனால் நிலைமை வேறு. நகரத்துச் சாக்கடை நீரில் கொடுங்கையூரில் மாட்டுப்புல் விளைந்த காலம் உண்டு. மாதவரத்தில் பால் காலனி என்ற பெயர் இன்னும் நிற்கிறது. 1989-ல் தோன்றிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்கேதான். சோழவரம், செங்குன்றம் பக்கத்தில் நல்ல கிணறும் நீர் தேங்காத மேட்டு நிலமும் உள்ளவர்கள், கார்த்திகை அடைமழை ஓய்ந்து தையில் விதைக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். மழைக்கு முன் விதைத்தால் வேர் அழுகும்.

விற்பது எப்படி என்பார்கள். கோயில் வாசலில் பசுவுக்கென்று அகத்திக்கீரைக் கட்டு விற்கிறதே, அதை வாங்கி ஊட்டிப் புண்ணியம் தேடாத குடும்பம் நம்மில் எது? அதே வண்டியில் மசால் கட்டும் விடியற்காலையில் வரட்டும். கொட்டிலில் கட்டிய மாட்டுக்கு அது போய்ச் சேரட்டும். கட்டு என்ன விலை ஆகும் என்று அம்மாள் கேட்டிருக்கிறாள். சோழவரத்து விவசாயி ஒருவரைக் கேட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம்.