ஸ்டார்ட்டருக்கு சிம் கார்டு போடுற தம்பிகளுக்கு

பட்டணத்து நண்பர்கள் பேசும்போதெல்லாம், "உங்க ஊர்ல செல்போன்லயே மோட்டார் போடுறாங்களாமே"ன்னு ஆச்சரியமா கேக்குறாங்க. ஆமா, போடுறாங்க. வேளாண் பொறியியல் துறையில அதுக்கு மானியமும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் நிட்சேப நதியை நம்பி யாரும் விதைக்க முடியாது, கிணறுதான் கதி. மும்முனை கரண்ட் ராத்திரி முறைக்கு வந்தா, கையில டார்ச்சும் கம்புமா வரப்புல நடக்கணும். கால்ல என்ன மிதிபடும்னு தெரியாது. அதனால இந்தக் கருவி வேண்டாம்னு சொல்ல வரல. செய்யுற விதத்தைப் பத்தித்தான் எனக்குப் பேச்சு.

என் தம்பி மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஆர்டுயினோ போர்டு, சிம்800எல்னு ஒரு சின்ன மாட்யூல், ரெண்டையும் மேசையில வச்சு வயர் மாட்டினான். மாட்யூலோட டிஎக்ஸ் போர்டோட ஆர்எக்ஸுக்குப் போகணும், இது அதுக்கு, குறுக்கா. கிரவுண்ட் வயர் ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும். எல்லாம் சரி, ஆனா மாட்யூல் எந்திரிக்கும், திரும்பப் படுக்கும். காரணம் கரண்ட். அது கேக்குறது 3.4-லிருந்து 4.4 வோல்ட். டவரோட பேசுற நொடியில 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். போர்டோட 5 வோல்ட் பின்னால அதைக் குடுக்க முடியாது. மோட்டார் எடுக்கும்போது வீட்டு பல்பு மங்குமே, அதே கதைதான். மாட்யூலுக்குத் தனி சப்ளையும் பக்கத்துலயே ஒரு பெரிய கப்பாசிட்டரும் போட்டா அடங்கிரும். அதோட டேட்டா கால்கள் 5 வோல்ட் தாங்காது, நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கணும்.

இதுவரைக்கும் மேசை வேலை. வீடியோ போடுறவங்க இதோட நிறுத்திருறாங்க. கிணத்து மேட்டுல இருக்குறது வேற. எங்க ஸ்டார்ட்டர் காயில் பெரும்பாலும் ரெண்டு பேஸுக்கு நடுவுல, 415 வோல்ட்ல நிக்குது. கடையில கிடைக்குற நீல ரிலேல 250 வோல்ட்னுதான் எழுதியிருக்கு. அதை நேரா பச்சை பட்டனுக்கு மாட்டினா ஒருநாள் ரிலே ஒட்டிக்கிடும், சிவப்பு பட்டனை அமுக்கிட்டு கையை எடுத்தா மோட்டார் திரும்ப எடுத்துக்கிடும். நடுவுல 415-க்கு ஏத்த இன்னொரு கான்டாக்டர் வேணும். இதைச் சொல்லித்தர வீடியோ நான் அதிகம் பாக்கல.

இன்னொண்ணு, இதுதான் பெருசு. புட் வால்வுல குப்பை அடைச்சா ஆள் கிணத்துக்குள்ள இறங்குவான். அந்த நேரம் வீட்டுல பேரப்பிள்ளை போனை அமுக்கினா? மோட்டார் பக்கத்துல கையால திருப்புற ஒரு சுவிட்ச் இருக்கணும். அதைத் திருப்பிட்டா போன், எஸ்எம்எஸ், எதுவும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. அதை புரோகிராம்ல வைக்காதீங்க, வயர்ல வைங்க. அதே மாதிரி யார் நம்பர்னு சரிபாக்காம மிஸ்டு காலுக்கு மோட்டார் எடுக்குற புரோகிராமும் வேண்டாம். லோன் வேணுமான்னு கேக்குற பிள்ளைக்கெல்லாம் என் கிணத்துல தண்ணி இறைக்க முடியாது.

சிம்முக்கும் வாரேன். சிம்800-க்கு 2ஜி மட்டும்தான் தெரியும். ஜியோ சிம் இதுல வேலை செய்யாது, அதுல 2ஜி கிடையாது. மத்த கம்பெனிங்களும் ஒருநாள் 2ஜியை நிறுத்தினா மானியத்துல வாங்கின பெட்டி எல்லாம் பழைய இரும்புக்குத்தான்.

வீட்டுக்கும் கிணத்துக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா சிம்மே எதுக்குன்னு கேக்குறேன். லோரா மாட்யூல் ரெண்டு போதும், மாசம் ரீசார்ஜ் கிடையாது. நம்ம நாட்டுல 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். அதுவும் 3.3 வோல்ட் சாமான், ஆண்டெனா மாட்டாம ஓட விட்டா கெட்டுப்போகும். ஆண்டெனாவை ஸ்டார்ட்டரோட தகரப் பெட்டிக்குள்ள வச்சிட்டு சிக்னல் வரலன்னு சொல்லக் கூடாது, வெளிய கம்பத்துல கட்டணும். இடையில தென்னந்தோப்பு இருந்தா தூரம் குறையும், நட்டுப் பாத்துத்தான் தெரியும்.

"மோட்டார் ஓடுது"ன்னு பதில் வர்றதும், ரிலே இழுத்ததை வச்சு வரக் கூடாது. பேஸ் வயர்ல ஓடுற கரண்டை அளந்து வரணும்.

பட்டணத்துல இந்த வேலை செய்யுற தம்பிகளே, பெட்டி மூடியோட உள்பக்கத்துல வயரிங் படத்தைத் தமிழ்ல ஒட்டி அனுப்புங்க. எங்க ஊர் எலக்ட்ரீஷியன் கைக்குக் கெட்டிக்காரர், ஆனா படம் இல்லாத பெட்டியை அவர் திறக்கவே மாட்டார்.