அனகோண்டா தெரியும், இருவாச்சி தெரியாது

நம்ம பிள்ளைகளிடம் மழைக்காடு என்று சொல்லிப் பாருங்கள். அமேசான், அனகோண்டா, டூக்கான் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை? மேப்பில் ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. புராஜக்ட் என்றதும் தெர்மோகோலும் பிளாஸ்டிக் கிளியும் வாங்கி வந்து ராத்திரி 12 மணிவரை ஒட்டுவது நாம்தானே!

மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் ரசம் வைக்காமல் இருக்கிறோமா? அதில் போடும் மிளகு அந்த மலையின் மழைக்காட்டுக் கொடி. பாயசத்து ஏலக்காயும் அங்கே பிறந்ததுதான். இதைச் சொல்லித்தர டியூஷன் டீச்சர் வேண்டுமா என்ன?

டூக்கான் எதற்கு, நம்மிடம் இருவாச்சி இருக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். தின்ற பழங்களின் விதை காடெல்லாம் விழுந்து மரமாகும். எந்த கார்ட்டூனில் இப்படி ஒரு கதை வருகிறது? சிங்கவால் குரங்கு உலகத்திலேயே இந்த மலையில் மட்டும்தான். அது ரோட்டில் இறங்கி அடிபடக்கூடாதென்று வால்பாறையில் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். 2012-ல் யுனெஸ்கோ இந்த மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாரிஸில் இருப்பவனுக்குத் தெரிகிறது!

லீவுக்கு ஊருக்குப் போனால் பத்து நாளும் கல்யாணம், ஜவுளிக்கடை, மால். அதில் இரண்டு நாளை வெட்டுங்கள். பொள்ளாச்சியிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. பையன் வாந்தி எடுப்பான் என்று சாக்கு சொல்லாதீர்கள், எலுமிச்சம்பழம் இருக்கிறது. குரங்குக்கு சிப்ஸ் மட்டும் போட விடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.